ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தும்பிக்கை

"எந்த கம்பெனி?"

ஸ்ரீபெரும்புதூரில் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி இதுதான். பேர் கூட அப்புறம்தான்.

"கம்பெனி இல்லைங்க."

"கான்ட்ராக்ட்டா?"

"இல்லை."

"ஓ... ட்ரெய்னியா?" என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்து, முகத்தில் கொஞ்சம் இரக்கத்தைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்காத இருபத்தெட்டு வயசுக்காரனை இந்த ஊருக்குப் புரியாது. கோயிலுக்கு வந்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போனவனாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு ஜாதி கிடையாது.

நான் ஃப்ரீலான்ஸ் டிசைனர். குடிவந்த அன்று வீட்டு ஓனரம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அரை மணி கழித்து அவர் மாடியேறி வந்தார், கையில் இரண்டு ப்ளவுஸ் பிட்டுடன்!

2022 வரை சென்னையில் ஒரு விளம்பர ஆபீஸில் இருந்தேன். சம்பளம் வந்ததும் முக்கால்வாசி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். மிச்சம் பெட்ரோலுக்கு. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் என்னுடையது, முதுகு வலியும் என்னுடையது, அப்புறம் எதற்கு ஆபீஸ்? நாற்பது கிலோமீட்டர் மேற்கே வந்தால் வாடகை பாதி. வேலைக்கும் பஞ்சமிருக்காது, ஆயிரம் ஃபாக்டரி இருக்கிற ஊர் என்று யாரோ சொன்னதை நம்பி வந்து இறங்கினேன். ரயில் கிடையாது, பஸ்தான்.

எனக்கு அலாரம் தேவையில்லை. நாலரை மணிக்கு ஷிஃப்ட் பஸ்கள் ஆரம்பித்துவிடும். வெள்ளை பஸ், மஞ்சள் பஸ், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் கம்பெனி பெயரும் ரூட் நம்பரும். ஜங்ஷனில் நீல யூனிஃபார்ம், சாம்பல் யூனிஃபார்ம் என்று கலர் கலராக வரிசை. அதில் பாதிப்பேர் பெண்கள். மதுரை, விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். எல்லோர் கையிலும் டிபன் பாக்ஸ், கண்ணில் தூக்கம். அதே நேரம் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் விளக்கு எரியும். ராமானுஜர் பிறந்த ஊர் அல்லவா! 1017-ல் பிறந்தவர். ஆயிரமாவது வருஷத்தை 2017-ல் கொண்டாடினார்கள். இங்கே இருக்கும் அவருடைய விக்ரகத்துக்கு 'தான் உகந்த திருமேனி' என்று பெயர். உயிரோடிருந்தபோதே அவர் பார்த்து, பிடித்துப்போய்க் கட்டியணைத்த சிலை என்பார்கள். தன் போர்ட்ரெய்ட்டைப் பார்த்து, கரெக்‌ஷன் எதுவும் சொல்லாமல் முதல் பார்வையிலேயே ஓகே செய்த க்ளையன்ட் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அந்தச் சிற்பியை நினைத்து நான் பொறாமைப்படாத நாளில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் 1991 மே 21-ம் தேதிதான். ராஜீவ் காந்தி நினைவிடத்தின் தூண்களை பஸ் ஜன்னலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வேறு காலண்டர். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998-ல் சான்ட்ரோ வெளிவந்தது, 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் என்று கம்பெனிகளால் ஆன காலண்டர். "நோக்கியா மூடுன வருஷம்தான் என் பொண்ணு பொறந்தா" என்பார் மெஸ் அக்கா. அதாவது 2014. அடுத்த தலைமுறை சாம்சங் தொழிலாளர்களின் 37 நாள் வேலைநிறுத்தத்தை வைத்து 2024-ஐ நினைவு வைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

உலகப் புகழ்பெற்ற இத்தனை கம்பெனிகளின் சின்னங்களையும் எங்கோ ஸியோலிலும் பாரீஸிலும் யாரோ மகானுபாவர்கள் வரைந்துவிட்டார்கள். அதில் எனக்கு வேலையில்லை. ஆனால் அவர்களுக்கு போல்ட்டும் ப்ராக்கெட்டும் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனிகள் சுற்றிலும் இருக்கின்றனவே, அங்கே 'இயந்திரம் ஓடும்போது கையை விடாதே' என்று ஒரு போர்டு தொங்கும். அது நான்! அப்புறம் காதுகுத்துப் பத்திரிகை, செல்போன் கடை ஸ்டிக்கர், ஒடியா சாப்பாட்டுக் கடை மெனு, ஆயுத பூஜைக்கு வாழ்த்து போர்டு. ஆயுத பூஜை வாரத்தில் நான் தூங்குவதில்லை. ஹிந்தியில் எழுத வேண்டியதை எதிர் ரூம் பீகார் தம்பி சரிபார்ப்பான், கூலி ஒரு சமோசா.

ரோட்டில் நிற்கிற பேனர் மட்டும் செய்வதில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மீது பேனர் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியதே, அன்றிலிருந்து. அப்போது நான் சென்னை ஆபீஸில் கல்யாண பேனர்தான் செய்துகொண்டிருந்தேன். வாரம் இரண்டாயிரம் ரூபாய் வருமானம் போகிறது என்று அம்மா திட்டுவாள். அம்மாவுக்கு இன்னொரு அஸ்திரமும் உண்டு. "அந்தக் கள்ளக்குறிச்சிப் பையன் ரூபாய்க்கு ஒரு குறி வரைஞ்சு ரெண்டரை லட்சம் வாங்கினானாமே, நீயும் அதுமாதிரி ஒண்ணு வரையேன்டா!" 2010-ல் ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமாரைச் சொல்கிறாள். அவர் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி ஆராய்ச்சியே செய்தவர் என்று எவ்வளவு விளக்கினாலும், "நீயும்தான் ராத்திரி பூரா முழிச்சிருக்கே" என்பாள்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், இன்னும் பணம் வர வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை காலை வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறதாம். தமிழில் பன்னிரண்டு, ஹிந்தியில் பன்னிரண்டு பாதுகாப்பு போர்டுகள் வேண்டும். செய்து அனுப்பினேன். சனிக்கிழமை ராத்திரி பிரின்ட் ஆகி, ஞாயிறு காலை கம்பெனியில் இறங்கியது. பத்து மணிக்கு சூப்பர்வைசர் போன்.

"தம்பி, இது எந்த ஊர் பாஷை?"

வாட்ஸப்பில் படம் வந்தது. வயிறு கலங்கியது. தலைக்கவசம் போட்ட மனிதன் சிரிக்கிறான், கீழே பெரிய சிவப்பு எழுத்தில் சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள்!

டிசைன் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய தமிழ் ஃபான்ட்கள் ஒரு மோசடி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது இங்கிலீஷ்தான். அந்த எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுவதுதான் ஃபான்ட்டின் வேலை. 'பாமினி' மாதிரி ஃபான்ட்டில் மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளியின் நாற்காலியில். ஃபைலைத் திறக்கிற மெஷினில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோட் வந்த பிறகு தமிழுக்குத் தனி நாற்காலி கிடைத்துவிட்டது. ஆனால் பிரின்டிங் கடைகளில் இருக்கிற பழைய கோரல்ட்ராவில் யூனிகோட் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் என்பதால், நாங்கள் பழைய ஃபான்ட்டையே கட்டிக்கொண்டு அழுகிறோம். அனுப்புவதற்கு முன் எழுத்தை வெறும் படமாக மாற்றிவிட்டால் பிரச்னை இல்லை. எல்.கே.ஜி. பாடம் அது. நான் மறந்துவிட்டேன். ஹிந்தி யூனிகோடில் இருந்ததால் தப்பித்தது. பன்னிரண்டும் ஜம்மென்று இருந்தது!

தப்பு முழுக்க என்னுடையது. மறுபடி பிரின்ட் அடிக்கலாம் என்றால் கடைக்காரர் குடும்பத்தோடு அரக்கோணத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மற்ற கடைகள் ஞாயிறு லீவு. இதற்கு நடுவில் அன்றைக்கென்று இன்னொரு விஷயம். சென்னையில் ஒரு ஆபீஸில் மாதம் முப்பதாயிரத்துக்கு வேலை இருக்கிறது, திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல் என்று நண்பன் சொல்லியிருந்தான். அம்மா அதற்குள் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாகிவிட்டது. போர்டுகளைப் பார்த்ததும், 'பேசாமல் போய்விடு' என்று குலதெய்வமே சொல்வது மாதிரி இருந்தது.

சுங்குவார்சத்திரம் போகிற வழியில் லாரி ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு பெயின்ட்டர் தாத்தா உண்டு. லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்', நம்பர் ப்ளேட், பக்கவாட்டில் ஊர்ப்பெயர் எல்லாம் அவர் கை. அவர் எழுத்து எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வருவேன். அவரிடம் போய் நின்றேன்.

"பன்னெண்டு போர்டா? காலையிலயா?" போர்டை வாங்கிப் பார்த்தார். "இன்னா தம்பி, வெள்ளைக்காரன் ஏப்பம் விட்ட மாதிரி இருக்குது?"

புது போர்டு வாங்கப் பணமில்லை. அதே போர்டைத் திருப்பிப் போட்டோம். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது! நான் நூல் பிடித்து சாக்பீஸ் தூளால் கோடு போட்டேன். அவர் ஒரு குச்சியை போர்டில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். ஆரம்பத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்து! 'தலைக்கவசம்' என்றால் ஏழு எழுத்து. நாலாவது எழுத்து 'க'. அதை போர்டின் மத்தியில் உட்காரவைத்துவிட்டு, இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று. 'அணியவும்' ஐந்து, நடுவில் 'ய'. ஸ்கேல் இல்லை, மௌஸ் இல்லை. நான் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கி 'சென்டர்' செய்வதை அவர் விரல்விட்டு எண்ணிச் செய்தார்.

"மெய்யெழுத்துக்குப் புள்ளி பெருசா வெய்யி தாத்தா, தூரத்திலேர்ந்து தெரியணும்."

"கோயில் கல்லுல போய்ப் பாரு. புள்ளியே இருக்காது. அவங்க படிக்கலியா?"

உண்மைதான். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, படிக்கிறவன்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்பதால் அங்கேயும் வைக்க மாட்டார்கள் என்பார்கள். புள்ளியே இல்லாமல் ஆயிரம் வருஷம் ஓடியிருக்கிறது, எனக்கு ஒரு அரைப்புள்ளியால் பிழைப்பு ஆடுகிறது.

ராத்திரி இரண்டு மணிக்குப் பன்னிரண்டாவது போர்டு முடிந்தது. எனாமல் பெயின்ட் வாசனையில் தலை சுற்ற, வரிசையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து போர்டுகளில் 'லை'யும் 'ணை'யும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன!

நாற்பது வயதுக்கு மேற்பட்ட வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். முன்பெல்லாம் 'லை' எழுத முன்னால் சங்கிலிக் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலிருந்தே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு கிளம்பும். 1978-ல் தமிழக அரசு, பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டபோது தும்பிக்கையை வெட்டிவிட்டார்கள். தாத்தாவுக்கு அப்போது இருபத்தொரு வயசு. பகலில் புது 'லை'தான் எழுதுவார். நடுராத்திரியில் கண் சொக்கியதும் கை பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

"அழிச்சு எழுதலாமா?"

"ஈரத்துல கை வெச்சா எல்லாம் போயிரும். நான் படிச்ச 'லை' இதான். தப்பில்ல, போ!"

விடிந்ததும் லோடு ஆட்டோவில் வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு. பன்னிரண்டு போர்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் நான். வல்லக்கோட்டை ஆர்ச்சைத் தாண்டும்போது முருகா என்று ஒரு கும்பிடு. கம்பெனி வாசலில் என் சட்டை முதுகில் கண்ணாடிப் பிம்பமாக 'தீயணைப்பான்' என்று அச்சாகியிருந்தது.

சேஃப்டி ஆபீஸர் என் வயசுப் பையன். போர்டைப் பார்த்தான்.

"ப்ரோ, இது என்ன, யானையா?"

நான் வாய் திறப்பதற்குள், ட்ராலி தள்ளிக்கொண்டு போன வயதான ஹவுஸ்கீப்பிங் அம்மா நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார். "உயரத்தில் வேலை நடக்கிறது... இத்தினி நாளா இங்கிலீஷு போர்டா மாட்டுவாங்க. இதான் சாமி எனக்குப் படிக்க வருது." சொல்லிவிட்டு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் போர்டை மாட்டச் சொன்னான்.

ஆடிட் வந்தது. வெளிநாட்டுக்காரர் போர்டுகளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை! தீயணைப்பானின் காலாவதித் தேதியை மட்டும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். 'அடுத்த வாரம் பிரின்ட் போட்டு மாத்திடலாம்' என்றார்கள். இன்னும் மாற்றவில்லை. பில் பர்ச்சேஸில் நிற்கிறது. 'கையால் எழுதியது' என்று ஒரு தலைப்பு அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லையாம். தாத்தாவுக்கு வாடகைப் பணத்திலிருந்து மூவாயிரம் கொடுத்தேன். ஓனரம்மாவிடம் பத்து நாள் தவணை சொன்னேன், 'ப்ளவுஸாவது தெச்சுக் குடுத்திருக்கலாம்' என்றார்.

திங்கட்கிழமை மாலை நண்பனுக்கு போன் செய்யவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். போர்டுகளைப் படம் பிடித்திருந்தேன். அந்த 'லை'யைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ஓரத்தைப் பிடித்து வரைய ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது இரவு ஷிஃப்ட் பஸ் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அவனே கூப்பிட்டு, வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றான். அம்மா மூன்று நாள் பேசவில்லை.

இப்போது தாத்தாவின் கையெழுத்தை ஃபான்ட்டாகச் செய்துகொண்டிருக்கிறேன். யூனிகோடில் தான். தும்பிக்கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் யூனிகோடுக்கு அது ஒரே 'லை', எந்த உருவத்தில் காட்டுவது என்பது ஃபான்ட்டின் இஷ்டம். அதனால் இரண்டையும் வைக்கப்போகிறேன். ராத்திரி பத்துக்கு மேல் கிடைக்கிற நேரத்தில் எழுத்து எழுத்தாக வரைகிறேன். பாதி கூட ஆகவில்லை. யாரும் காசு தரப்போவதில்லை.

போன ஞாயிறு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவர் பெயரை அவர் எழுத்திலேயே அடித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத யாரு அடிச்சாலும் என் எழுத்து வருமா?"

"வரும் தாத்தா."

"நான் போனப்புறமும்?"

"வரும்."

பேசாமல் இருந்தார். அப்புறம் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் ஸ்க்ரீனைத் தொட்டார்.

"அப்போ இந்த 'ழ'வ மாத்து. வால் நல்லா வரல."