412 லிங்க்கும் ஒரு சிவப்பு வரியும்

எங்க தாத்தா காலத்துச் சொத்துப் பேப்பரை எல்லாம் ஸ்கேன் பண்ணியாச்சு. பத்திரம், பட்டா, வில்லங்கம், கிஸ்து ரசீதுன்னு அப்பா நோட்டுல எழுதி வச்சிட்டுப் போன பட்டியலை எக்ஸெல்ல ஏத்தினா 412 வரி. பாகப்பிரிவினைப் பேச்சு ஆரம்பிக்கிறதுக்குள்ள இதை எல்லார் கையிலயும் கொடுத்துடணும். "எனக்குக் காட்டலியே"ன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க. ஒவ்வொரு வரியா ரைட் க்ளிக் பண்ணி லிங்க் கொடுத்தா விடிஞ்சிடும். அதனால பைத்தான்.

ஓப்பன்பைஎக்ஸெல்ல இது சின்ன வேலைதான் மக்கா. கோப்பைத் திற, வரிவரியா போ, செல்லோட ஹைப்பர்லிங்க்ல முகவரியை வை, சேமி. நீலக் கலரும் அடிக்கோடும் தானா வராது, ஸ்டைலைத் தனியா சொல்லணும். (எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரும் நல்ல சரக்குதான். ஆனா புதுக் கோப்பு மட்டும்தான் எழுதும், இருக்கிறதைத் தொடாது.)

சூட்சுமம் முகவரியில இருக்கு. சி டிரைவ்ல ஆரம்பிச்சு முழுசா கொடுத்தா என் பொட்டியில மட்டும்தான் திறக்கும். ஸ்கேன் ஃபோல்டரை எக்ஸெல் பக்கத்துலயே வச்சு, ஃபோல்டர் பேர்ல இருந்து மட்டும் கொடுத்தா பென்டிரைவ் எங்க போனாலும் வேலை செய்யும். ஜிப்பா அனுப்பினா முழுசா பிரிச்சுட்டுத்தான் திறக்கணும்.

கடைசியில செல் லிங்க்கை விட்டுட்டு, ஹைப்பர்லிங்க் ஃபார்முலாவையே ஸ்கிரிப்ட்ட எழுத வச்சேன். பக்கத்து செல்ல இருக்கிற கோப்புப் பேரை அதுவே படிச்சுக்கும். பேரை மாத்தினா லிங்க்கும் மாறும், வருஷவாரியா அடுக்கினாலும் குழம்பாது. ஒரு ஷீட்டுக்கு 65,530 லிங்க்தாங்கிற வரம்பும் ஃபார்முலாவுக்குக் கிடையாது. (412க்கு அது எதுக்குங்கறீங்களா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் :-))

லிங்க் போடறதுக்கு முன்னாடி கோப்பு நிஜமாவே இருக்கான்னு ஸ்கிரிப்ட் பாக்கும். இல்லேன்னா வரி சிவப்பு. ஏழு சிவப்பு வந்துச்சு. ஆறு, வெறும் எழுத்து வித்தியாசம். ஏழாவது, அத்தைக்குத் தாத்தா 1974ல எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட். ஸ்கேன்ல இல்ல, பேப்பர் கட்டுலயும் இல்ல. சித்தப்பாவுக்குப் போன் போட்டா, "பீரோவுல பாக்கறேன்"னார். ரெண்டு வாரம் ஆச்சு.

பென்டிரைவை வாங்கும்போது அத்தை, "எல்லாம் இருக்காடா?"ன்னு கேட்டாங்க. அந்த வரியைக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. நல்லவேளை, பத்திர எண்ணும் வருஷமும் அப்பா நோட்டுல இருக்கு. சார்பதிவாளர் ஆபீஸ்ல நகலுக்கு மனு போட்டிருக்கோம். நகல் வர்ற வரைக்கும் எல்லார் பிரதியிலயும் அது சிவப்பாவே இருக்கும்.