சுமைதாங்கியும் குறிப்பேடும்

பெருங்கோயில்களையும் கோட்டைகளையும் காண நெடுந்தூரம் செல்வோர் பலர். அவ்விடங்கட்குச் செல்லும் வழியில் நிற்கும் சிறு கற்களை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் கேளம்பாக்கத்தைக் கடப்போர் நாள்தோறும் எண்ணிறந்தோர். ஆயினும் அவ்வூரைச் சூழ்ந்த ஏரிக்கரைகளிலும் வண்டிப்பாதைகளிலும் பழையன யாவை உள என வினவின், விடை கூறுவார் அரியர். இக்குறையைச் சிறிதேனும் நீக்கக் கருதி, மாணாக்கரும் பழைய மாணாக்கருமாகிய யாம் அறுவர் ஞாயிறுதோறும் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு அப்பக்கம் நடந்து வருகின்றோம்.

சிறு கல்லும் பெருஞ்செய்தி கூறவல்லது. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் நம் கலாசாலைக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்திற் கண்டெடுத்த ஒரு கற்கருவியே, பழைய கற்கால மாந்தர் இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்றாயிற்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லொன்று, 29 காதம் என்னும் தொலைவை எழுத்தாற் கூறுவதோடு, எழுத்தறியாதாரும் அறியுமாறு இரு பெருங்குழிகளாலும் ஒன்பது சிறுகுழிகளாலும் காட்டுகின்றது. இத்தகையவற்றைத் தேடுதல் அறிஞர்க்கே உரிய தொழிலன்று. இராமநாதபுர மாவட்டத்துத் திருப்புல்லாணியில் அரசுப் பள்ளி மாணாக்கர் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்துத் தம் ஊர்ப் பழமைகளைக் குறித்து வந்துள்ளனர்.

எம் முறை எளியது. மதகு, எல்லைக்கல், மைல்கல், சுமைதாங்கி யாதாயினும் அதன் உயர அகலங்களை அளப்போம். கைப்பேசியாற் படமெடுத்து, இருக்குமிடத்தைக் குறிப்போம். ஊரார் அதனை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் எழுதுவோம். கல்லைப் பெயர்ப்பதும் அதன்மேற் சுண்ணம் பூசுவதும் இல்லை.

ஒரு நாள் கேளம்பாக்கத்திற்கு மேற்கே ஓர் ஏரிக்கரையருகில் சுமைதாங்கி ஒன்றைக் கண்டோம். நாட்டிய இரு கற்களின்மேல் ஒரு கல் கிடத்தப்பட்டிருந்தது. தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் மற்றொருவர் கை வேண்டும். தனியே நடப்பார்க்கு இக்கல்லே அக்கையாம். உப்பளங்கள் மிக்க இந்நிலத்தில் உப்புக்கூடை சுமந்தோர் எத்துணையர் இதனருகே நின்று மூச்சு வாங்கினரோ!

யாம் அளந்துகொண்டிருக்கையில் ஆடு மேய்த்து வந்த மூதாட்டி ஒருவர் நின்று நோக்கினார். “இது யார் வைத்தது, பாட்டி?” என்றோம்.

“பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோனவளுக்கு வைத்தது, தம்பி. அவள் இறக்காத சுமையை ஊரார் இறக்கட்டும் என்று வைப்பார்கள்” என்றார். பின்னர் எம் குறிப்பேட்டைச் சுட்டி, “கல்லை எழுதுகிறீர்களே, அவள் பேரை எழுதினீர்களா?” என வினவினார்.

அப்பெயர் அவர்க்கும் தெரியவில்லை. தம் மாமியார் அறிந்திருந்தார் என்றும், தாம் கேட்டு வைக்கவில்லை என்றும் கூறி ஆட்டின் பின்னே சென்றார். ஊரில் ஏழெட்டு வீடுகளில் உசாவினோம், அறிந்தார் எவருமிலர். எழுத்துப் பொறிக்கப்படாத அக்கல்லின் உயரம் விரற்கடைப் பிழையுமின்றி எம்மிடம் உளது. பெயர் எழுதுமிடமோ வெறுமையாய் உளது.

அன்றுமுதல் எம் முறையை மாற்றிக்கொண்டோம். ஓர் ஊரை அடைந்தவுடன் முதலில் முதியோரை நாடுகின்றோம். அதன் பின்னரே அளவுநாடாவை விரிக்கின்றோம். சாலை அகலுங்கால் கல் புதையுண்ணலாம். புதைந்த கல்லை மீண்டும் தோண்டியெடுத்தல் கூடும். முதியோருடன் மறைந்த சொல்லைத் தோண்டியெடுக்க வழியில்லை.

ஆதலின், தையூர், கோவளம், திருப்போரூர் முதலிய ஊர்களிலிருந்து வரும் மாணவ நண்பர்களை வேண்டுவது ஒன்றுண்டு. இப்பொங்கல் விடுமுறையில் நும் பாட்டன் பாட்டியர் அருகே அமர்ந்து, ஊரெல்லையிலுள்ள கற்களைப்பற்றி வினவுமின். அவர் கூறுவனவற்றை அவர்தம் சொற்களாலேயே எழுதிக் கொணர்வீராயின், குறிப்பேட்டில் இடம் வைத்துக் காத்திருப்போம்.