"எந்த கேஸ்?"

எங்கள் ஏரியாவில் யாராவது 'கேஸ்' என்றால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கேஸ்?"

ஆங்கிலத்தில் அடுப்பில் எரிவது ஒரு வார்த்தை, கோர்ட்டில் நடப்பது வேறு வார்த்தை. தமிழில் எழுதினால் இரண்டுமே கேஸ்தான். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் அது நுழையாத இடமே இல்லை. ஆர்.எஸ்.ஆர்.எம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிற ஆட்டோ அண்ணனுக்கு 'டெலிவரி கேஸ்'. ராத்திரி தெருமுனையில் சும்மா நின்ற பையன்கள் மீது விழுவது 'பெட்டி கேஸ்'. சோடா குடித்துவிட்டு ஆயா நெஞ்சைத் தடவிக்கொண்டால், அது 'கேஸு'. எதற்கும் தேறாதவனைப் பார்த்தால், "அது ஒரு கேஸுப்பா." பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் கோட்டை விட்டபோது அந்தப் பட்டம் எனக்கும் கிடைத்தது.

அடுப்பில் எரிகிற கேஸுக்கு அந்தப் பெயரை வைத்தவர், 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் என்ற வேதியியல் அறிஞர். 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. பெருங்குழப்பம் என்று அர்த்தம். இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, 2023 டிசம்பர் 26 இரவுதான்.

அன்று எனக்கு நைட் ஷிஃப்ட். நள்ளிரவு நெருங்கும்போது அம்மா போன் செய்தார். "டேய், ஒரே கேஸ் நாத்தம்டா. கண்ணெல்லாம் எரியுது."

"ரெகுலேட்டரை மூடும்மா. ஸ்விட்ச் எதையும் தொடாத. ஜன்னலைத் தொறந்து வை" என்றேன். சிலிண்டர் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு முந்தின மாதம்தான் கட்டுரை எழுதியிருந்தேன். அந்தத் திமிர்.

அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கசிந்தது வீட்டுக்குள் இல்லை, வெளியே. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில். பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் கதவைத் தட்டி, ஈரத் துண்டை அம்மா முகத்தில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும் என்பதால் ஈரத்துணி ஓரளவு காப்பாற்றும். இது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று இன்னும் நான் கேட்கவில்லை.

விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே நர்ஸ் கேட்டார், "கேஸ் கேஸா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆபீஸில் 'வாயுக்கசிவு' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் அந்த வார்த்தையை யாருமே சொல்லவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஊரில் அதற்கும் பேர் 'கேஸ் கேஸ்'தான்.

இரண்டாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஜன்னலைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. "கேஸ் புக் பண்ணிட்டியா?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் 'சிலிண்டர்'தான். தெருவில் டெலிவரி பண்ணுகிற தம்பி "கேஸ்!" என்று குரல் கொடுத்தால், வாசலுக்கு வந்து முதலில் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கிறார். அப்புறம்தான் காசை எடுக்க உள்ளே போகிறார்.