இழுவையால் நிற்கும் கூரை

தமிழாசிரியன் ஒருவனுக்குத் துணிக் கூரையின் கணக்கோடு யாது உறவு என்று அன்பர்கள் வினவுதல் கூடும். அவ்வுறவு மாணாக்கர் வழியாக வந்தது. இக்கல்லூரியில் என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்ப் பொறியியலாளராகி வெளிநாட்டிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது, தாம் வரைந்த விதானம் ஒன்றைக் கணினியிற் காட்டினார். பாடசாலை முற்றமொன்றிற் சிறுவர்க்கு நிழல் தருவதற்கென வகுத்த விதானம் அது. அன்று நான் மாணவனாக இருந்து கேட்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

கற்சுவர் தன் பாரத்தால் நிலைத்து நிற்கும். துணிக்கோ அத்தகைய வலிமை இல்லை. அமுக்கினால் மடங்கும், இழுத்தால் மட்டுமே எதிர்நிற்கும். ஆதலின், காற்று வருமுன்னரே அதனை இழுத்துக் கட்டிவிடுதல் வேண்டும். இதனை முன்னிழுவை எனலாம். இழுவையோடு தக்க வடிவமும் வேண்டும். தட்டையாகக் கட்டிய துணியின் நடுவே மழைநீர் தேங்கும். தேங்கிய நீர் துணியைத் தாழ்த்தும். தாழ்ந்த இடம் மேலும் நீரை ஏற்கும். குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேல்நோக்கியும் மறு திசையிற் கீழ்நோக்கியும் வளைந்த துணியிலோ, காற்று மேலே தூக்கும்போது ஒரு திசை இழைகள் தாங்கும்; பாரம் கீழே அழுத்தும்போது மறு திசை இழைகள் தாங்கும்.

இவ்வடிவங்களை ஆராய்ந்தோருள் தலைசிறந்தவர் ஜேர்மானியக் கட்டடக் கலைஞர் ஃபிரை ஒட்டோ (1925–2015). சவர்க்கார நீரிற் கம்பிச் சட்டத்தைத் தோய்த்தெடுத்தால், அதிற் படியும் படலம் எத்திசையிலும் ஒத்த இழுவையுடன் இயன்றவரை குறைந்த பரப்பை எய்தும். அப்படலத்தையே அவர் தமக்கு ஆசானாகக் கொண்டார். 1955இற் காசெல் நகரப் பூங்காக் கண்காட்சியில், நான்கு முனைகளிற் கட்டிய இசைமேடைக் கூரையை அமைத்தார். 1972இன் மியூனிச் ஒலிம்பிக் அரங்குகளின் வடவலைக் கூரையை ஆராய்வதற்கு 125இல் ஒரு பங்கு அளவில் மாதிரியுருக்கள் செய்யப்பட்டன. அவ்வளவில் 1 மில்லிமீற்றர் பிழை, கட்டடத்தில் 125 மில்லிமீற்றர் ஆகிவிடும். ஆகவே ஆர்கிரிஸ், லிங்க்விற்ஸ் ஆகியோரின் குழுவினர் கணினிக் கணக்கின் துணையை நாடினர்.

கணினி மாதிரியுருவும் கலங்குவதுண்டு. என் மாணவரின் விதானக் கணக்கு, "அமைப்பு உறுதியற்றது" என்று அறிவித்து இடையிலே நின்றுவிட்டது. அவர் பதறவில்லை. பிழை வரைதலில் உள்ளதா, வரையப்பட்ட பொருளில் உள்ளதா என்பதே முதல் வினா என்றார். முன்னிழுவை கொடுக்கப்பட்டதா, வடிவம் கண்ட பின்னரே பாரம் ஏற்றப்பட்டதா, பாரம் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டதா, முனைகள் யாவும் இணைந்துள்ளனவா என ஒவ்வொன்றாக நோக்கினார். யாவும் செவ்வனே இருந்தன.

பின்னர், கணக்கு எந்தக் காற்றில் நின்றது என்று தேடினார். ஒரு பக்கக் காற்றில் விளிம்பு வடம் ஒன்று தளர்ந்திருந்தது. வடம் இழுக்குமேயன்றித் தள்ளாது. தளர்ந்த வடம் இல்லாத வடத்துக்கு ஒப்பாகும். அடியிற் கீல்போற் பொருத்திய கம்பமோ, பின்னே தரைக்குக் கட்டிய ஒற்றை வடத்தை மட்டும் நம்பி, பக்கவாட்டிற் சாய இடம்பெற்றது. கணினி கூறியது மெய்யே.

கம்பத்தின் தலையிற் கற்பனை வில்லொன்றைக் கணினியில் மாட்டினாற் கணக்கு இனிதே முடிந்துவிடும். வரைபடத்தை விரைந்து கேட்டோரும் மகிழ்ந்திருப்பர். "அந்த வில் முற்றத்தில் இராதே, ஐயா" என்றார் அவர். துணியே கிழிந்தாலும் கம்பம் விழலாகாது என்பது அத்தொழிலார் போற்றும் நெறியாம். ஒற்றை வடத்துக்கு ஈடாக, விரிந்து நிற்கும் இரு வடங்களைத் தரைக்கு இழுத்து வரைந்தார். செலவு ஏறிற்று, நாட்களும் சென்றன, கணக்கு நிலைத்தது.

கணக்கு ஒவ்வாதபோது, ஏட்டின் இறுதியிலுள்ள விடையைப் பார்த்தெழுதும் மாணாக்கரை நாம் அறிவோம். இவர் ஒவ்வாமையின் காரணத்தைத் தேடினார். அவ்விதானத்தின் கீழ் அமரும் சிறுவர் அந்த இரண்டாவது வடத்தை ஒருகாலும் எண்ணிப் பாரார். அவர்கள் எண்ண வேண்டாதபடி முன்கூட்டி எண்ணிய ஒருவர், இக்கல்லூரியின் வாங்கில் இருந்தவர் என்பதே எனக்கு உவகை.