சங்குக் கடைக்கு வந்த ஸ்பைடர்மேன்

பூம்புகார் கடற்கரைக்குப் போகிற வழியில் அவருடைய கடை. சங்கு, சிப்பி மாலை, சோழி ஒட்டிய கண்ணாடி, பெயர் எழுதித் தரும் சாவிக்கொத்து. கடைக்கென்று தனியாக ஒரு செல்போன் உண்டு. மே மாதம் ஒரு ராத்திரி கணக்குப் பார்த்தபோது அதிலிருந்து 2,500 ரூபாய் போயிருந்தது. சீசனில் இரண்டு நாள் லாபம் அது.

எடுத்தது பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிற மகன்தான். மறைக்கவில்லை. "செலவு பண்ணலப்பா, இன்வெஸ்ட் பண்ணியிருக்கேன்" என்றான்.

நாலு நாளில் கூரியர் வந்தது. உள்ளே ஒரே ஒரு அட்டை. 1990-இல் அமெரிக்காவின் இம்பெல் கம்பெனி வெளியிட்ட மார்வெல் கார்டு வரிசையில் சாதாரண கார்டுகள் 162, அபூர்வமான ஹாலோகிராம் கார்டுகள் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றான ஸ்பைடர்மேன் என்று சொல்லித்தான் ஆன்லைனில் யாரோ விற்றிருந்தார்கள்.

அவர் கார்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். ஹாலோகிராம் என்றால் படத்துக்குள் ஆழம் தெரிய வேண்டும். இதில் ஜிகினாத் தாள் மாதிரி மேலே மினுமினுப்பு மட்டும். ஓரத்தை நகத்தால் நெருடினார். தாள் உரிந்து வந்தது. பையன் முகம் சுருங்கிப்போனது.

திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். காரணம் அவர் தொழில். வலம்புரிச் சங்கு இருக்கிறதா என்று கேட்காத டூரிஸ்ட் குடும்பம் குறைவு. முப்பது வருஷ வியாபாரத்தில் நிஜ வலம்புரியை அவர் பார்த்தது இரண்டே தடவை. வலம்புரி என்ற பெயரில் ஊர் ஊராக விற்கப்படுவதில் நிறைய, அட்லாண்டிக் கடலில் கிடைக்கிற வேறு ஒரு இனம். அந்த இனத்தில் எல்லாச் சங்குமே அந்தப் பக்கம்தான் சுழியும், அபூர்வம் ஒன்றுமில்லை. நிஜ வலம்புரி என்றால் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவும்போது மூன்று நான்கு வரம்புகள் தட்டுப்படும். மற்றது வழவழவென்று இருக்கும். இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்து அவர் கடையில் காட்டி, முகம் தொங்கிப்போன பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர். பதினான்கு வயசுப் பையன் ஏமாந்ததில் என்ன அதிசயம்?

"அந்த கார்டு நிஜமாவே இருந்தாலும் யார்றா வாங்குவா?" என்று மட்டும் கேட்டார்.

பையன் கொட்டித் தீர்த்தான். மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952-ஆம் வருஷத்து டாப்ஸ் கார்டு ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதாம். கார்டு எவ்வளவு புதுசு மாதிரி இருக்கிறது என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரவே கம்பெனிகள் இருக்கின்றனவாம். அந்தக் கார்டு வாங்கியது ஒன்பதரை. அந்த வருஷம் விற்காமல் கிடங்கில் தேங்கிய கட்டுகளை 1960-இல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் கடலில் கொட்டிவிட்டதாக, டாப்ஸில் அந்தக் கார்டுகளை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார்.

"கடல்லயா?" என்றார் அப்பா.

அதற்கு நேர்மாறு 1990 மார்வெல் கார்டுகள். பின்னாளில் விலை ஏறும் என்று வாங்கும்போதே எல்லோரும் உறை போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். அதனால் அந்தச் சாதாரண 162 கார்டுகளில் பெரும்பாலானவை இன்றும் சல்லிசாகவே கிடைக்கின்றன. இதையும் சொன்னவன் பையன்தான். தெரிந்தே ஏமாந்திருக்கிறான்! ஆசை வந்தால் அப்படித்தான்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அவரிடமும் ஒரு பெட்டி இருந்தது. 1984-இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அவர் ஆறாம் வகுப்பு. பஸ் ஏறி மாயவரம் போய் வாங்கி வருவார். ஸ்பைடர் என்றால் உயிர். அவருடைய ஸ்பைடர் வேறு. மகனுடைய ஸ்பைடர்மேன் அல்ல. பிரிட்டனில் பிறந்த, கூர்க்காது வைத்த வில்லன். அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது அந்த வயதில் அவருக்கு எங்கே தெரியும்? முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் அந்தப் பெட்டியில் இருந்தான். இன்று அந்தக் காலத்துப் பிரதிகளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோது தகரப்பெட்டி தரையில் இருந்தது. திறந்தபோது புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி ஒரே கட்டி. அன்றைக்கு ஊர் இருந்த நிலையில் காமிக்ஸுக்காக யாரும் அழ முடியாது. வாய்க்கால் ஓரம் போட்டுவிட்டு வந்தார்.

மூன்று மட்டும் தப்பின. சீர்காழியில் இருக்கும் அக்காவின் பிள்ளைகள் படிக்க வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தராதவை. மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டு, விற்றால் நாலு காசு வரும் என்றார்.

"அட்டையே இல்லடா அதுக்கு. உள்ள என் மவன் எல்லாருக்கும் மீசை வரஞ்சி வச்சிருக்கான். எவன் காசு குடுப்பான்? குடுத்தாலும் நான் தரமாட்டேன், போ" என்று வைத்துவிட்டாள்.

ஆக, 2,500 ரூபாய் வேறு வழியில்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையில் நின்றால் நாளுக்கு நூறு ரூபாய் கழியும் என்று ஒப்பந்தம். அம்மா கோபித்துக்கொண்டாள், பத்தாம் வகுப்புப் பிள்ளையாயிற்றே என்று. ஒன்பதாவது ஞாயிறு, கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாள் அலமாரியில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பெரிய சங்கைக் காட்டி, "வலம்புரிதானே? பூஜைக்கு வேணும், விலை சொல்லு தம்பி" என்றார். பையன் அதை எடுத்து வாய்க்குள் விரல் விட்டுத் தடவினான். "இல்லம்மா. இது வேற கடல் சங்கு, ஷோகேஸுக்கு வேணா வச்சுக்கலாம்" என்றான். அவர்கள் ஒரு சாவிக்கொத்து மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தார்கள்.

அப்பா நோட்டை எடுத்து நூறு ரூபாயைக் கழித்து எழுதினார். மீதி 1,600.