குருத்தோலையும் பனங்கொட்டையும்

புரட்டாதி அமாவாசை கழிந்ததும் கும்பம் வைத்து நவராத்திரி விரதத்தைத் தொடங்குவது நம்மவர் வழக்கம். சரத் ருதுவில் வருதலின் இதனைச் சாரதா நவராத்திரி என்பர். குளிர்நாடுகளில் இலையுதிரும் பருவமாகிய இக்காலம், யாழ்ப்பாணத்தில் மண் மழையை எதிர்நோக்கி நிற்கும் காலமாகும். பனம்பழம் விழுந்து ஓய்ந்திருக்கும். வேலியோரத்தில் பனங்கொட்டை குவிந்திருக்கும். சோடனைக்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவற்றை வீட்டு வளவே தந்துவிடும். ஆயினும், விழா அணுகியதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்வோரே இன்று பலர்.

எமது இல்லத்தில் இவ்வழக்கம் மாறியது 2022ஆம் ஆண்டிலே. நாட்டைப் பொருளாதார நெருக்கடி வாட்டிய ஆண்டு அது. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் அவ்வாண்டு மார்ச் மாதத்திற் பிற்போடப்பட்டமையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நவராத்திரி வந்தபோது, அரிசிக்கும் மருந்துக்கும் ஒதுக்கிய பின்னர் என் சம்பளத்திற் சோடனைக்கென மிஞ்சியது ஒன்றுமில்லை. பத்து வயது மகளின் முகம் வாடிற்று. அயல்வீட்டு வாயிலில் தொங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் அவள் கண்ணை விட்டு அகலவில்லை.

“சரஸ்வதி எங்கட வீட்டுக்கு வரமாட்டாவா, அப்பா?” என்று கேட்டாள்.

மறுமொழி சொன்னவர் என் தாயார். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கண் பார்வை மங்கியிருந்தது. “தம்பி, ஒரு குருத்தோலை வெட்டித் தா. மிச்சத்தை நானும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளுறம்” என்றார்.

அன்று மாலை திண்ணையில் அப்பாச்சியும் பேர்த்தியும் அமர்ந்தனர். ஓலையை நகத்தாற் கீறி, மடித்து, நுழைத்து இழுத்தால் குருவித்தலை ஒன்று எழும்பும். மகள் கிழித்தெறிந்த ஓலைகள் பல. தாயாரோ கண்ணால் அன்றி விரலாலேயே முடைந்தார். முடையும்போது ஒரு செய்தியையும் சொல்லிவைத்தார். மங்கல நிகழ்ச்சிக்குரிய தோரணத்தில் குருவித்தலைகள் நான்கு. அவை மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அமங்கலத்துக்குரியதில் தலைகள் மூன்று. அவை கீழ்நோக்கி இருக்கும். இதனைப் பின்னர் என் வகுப்பு மாணவர்களிடம் வினவினேன். சரியாகச் சொன்னவன் ஒருவனே.

ஏழு வயது மகனுக்குப் பனங்கொட்டை கிடைத்தது. பனங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, அதன் தும்பைச் சீப்பினால் வாரிவிட்டால், நீண்ட தாடியுடைய முனிவர் ஒருவர் தோன்றுவார். கரியினாற் கண்ணும் மஞ்சளினாற் பொட்டும் இட்டான். புத்தகப் பெட்டிகளை மூன்று படியாக அடுக்கி, வெள்ளை வேட்டி விரித்து, முனிவர் ஒன்பதின்மரை அமர்த்தினோம். சிரட்டைகளில் மண் நிரப்பி, ஊறவைத்த பயற்றை விதைத்தோம். இரண்டு மூன்று நாளில் முளை தலைகாட்டிற்று. அது வளரும் உயரத்தை மகன் நாள்தோறும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியிற் குறித்துக்கொண்டான். கடையில் வாங்கியது நூற்கண்டு ஒன்று மாத்திரமே. விசயதசமி முடிந்ததும் முனிவர்கள் பனம்பாத்திக்குட் சென்றனர். தை பிறந்தபின் கிழங்காகித் திரும்பி வந்தனர். தன் முனிவரைத் தின்பதோ என்று மகன் சற்றுத் தயங்கினான். பின்னர் இரண்டு கிழங்கு கேட்டு வாங்கினான்.

சிக்கனம் கருதி மாத்திரம் நான் இதனை எழுதவில்லை. சமய, கலாசார நிகழ்ச்சிகளிற் பொலித்தீனாலான சோடனைகளைப் பயன்படுத்துவது 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் நம் நாட்டிற் தடைசெய்யப்பட்டது. சட்டம் அதனைத் தடுக்கலாம். ஓலை முடையும் கையை உண்டாக்கித் தர அதனால் இயலாது. அதனைத் தருவது வீடு ஒன்றே. குருத்தோலை இரண்டொரு நாளில் வாடிவிடும் என்பர் சிலர். வாடுவதனாலன்றோ ஆண்டுதோறும் அதனை முடைகிறோம். முடைவதனாலன்றோ பிள்ளை அதனைக் கற்கிறது!

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என் தாயார் காலமானார். அன்று காலை வாயிலிற் கட்டுவதற்குக் குருத்தோலை வந்து சேர்ந்தது. உதவிக்கு வந்த இளைஞர்கள் அதனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். எத்தனை தலை, எப்பக்கம் நோக்குவது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதான என் மகள் எழுந்து வந்தாள். ஒருவரிடமும் ஒன்றும் கேளாமல், கண்ணீர் வடிய, மூன்று தலை வைத்து, அவை கீழ்நோக்கும்படி முடைந்து கொடுத்தாள். அப்பாச்சியின் விரல்கள் செய்த வேலையை அவள் விரல்கள் அப்படியே செய்தன. ஓராண்டுத் துக்கம் கழிந்து, 2025ஆம் ஆண்டு நவராத்திரிக்கு எம் வாயிலில் மீண்டும் நான்கு தலைத் தோரணம் ஏறிற்று. இப்போது தம்பிக்குக் கற்பிப்பவள் அவளே.

பரீட்சையும் தனியார் வகுப்பும் இருக்க இதற்கெல்லாம் நேரமேது என்று பெற்றோர் கேட்கக்கூடும். ஒன்பது நாளும் வேண்டியதில்லை. நவராத்திரிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றே போதும். வீட்டிலோ அயலிலோ ஓலை முடையத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பின், அவர் பக்கத்தில் உங்கள் பிள்ளையை அமர்த்துங்கள். இவ்வாண்டே அமர்த்துங்கள். ஓலை அடுத்த ஆண்டும் கிடைக்கும்.