கிண்ணத்துக்கு வராத முட்டை

எங்கள் நாமக்கல்லில் முட்டை லாரி போகாத சாலை இல்லை. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நுழைந்த முட்டை, இன்று வாரத்துக்கு ஐந்து. கைக்குழந்தையின் கிண்ணத்துக்கு வரத்தான் தயக்கம். பேத்திக்கு ஏழு மாதம். "மந்தம் தட்டும்ங்க, ஒரு வயசு ஆகட்டும்" என்கிறார் சம்பந்தியம்மா.

ஈக்வடாரில் 2015-ல், 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றுவது 47 சதவீதம் குறைந்தது. வயிற்றுப்போக்கு கொஞ்சம் கூடியதாம்; சம்பந்தியம்மாவின் பயம் வெறும் பயமல்ல. மலாவியில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டார்கள். சத்துக் குறைந்த இடத்தில்தான் முட்டையின் அருமை தெரிகிறது.

டாக்டரைக் கேட்டோம். நன்றாக வேகவைத்து, ஒரு ஸ்பூனில் தொடங்கச் சொன்னார். சம்பந்தியம்மாவே ஊட்டினார்.